எந்த ஆர்பிஎம்மில் அதிர்கிறது? டூரிங் பைக்கின் இன்ஜின் அதிர்வைத் தேடிப் பிடிப்பது

பின்பார்வைக் கண்ணாடியில் இருந்து தொடங்கலாம். 4500 ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்கு 4500 சுற்று) பின்னால் வரும் வண்டியின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறது. 4800-ஐத் தொட்டதும் அதன் இரண்டு விளக்குகளும் கரைந்து ஒரே தீற்றலாகிவிடுகின்றன. 5200-க்கு மேல் போனால் மறுபடி படம் தெளிகிறது. இப்படி ஒரு வண்டி வந்தால் சிலிண்டருக்கு மேல் வால்வுகளை மூடியிருக்கும் டேப்பெட் கவரைத் திறப்பது வீண் வேலை. இன்ஜினுக்குள் சமநிலை கெட்டிருந்தால் சுற்று ஏற ஏற அதிர்வும் ஏறிக்கொண்டே போகும். 400 ஆர்பிஎம் அகலத்துக்குள் வந்துவிட்டுக் காணாமல் போகாது. அந்தக் குறுகிய பட்டையில் ஏதோ ஒரு பாகம், கண்ணாடித் தண்டோ ஹேண்டில்பாரோ, இன்ஜினின் தாளத்தோடு சேர்ந்து ஆடுகிறது. அதற்குப் பெயர் ஒத்ததிர்வு. தேட வேண்டியது ஆடும் பாகத்தை.

அதிர்வு பற்றிய புகார் பெரும்பாலும் "கை மரத்துப்போகிறது" என்ற ஒரே வரியில் வந்து நிற்கும். எந்த ஆர்பிஎம், எந்த கியர், த்ராட்டில் திறந்திருக்கும்போதா மூடும்போதா, கையிலா காலிலா சீட்டிலா என்ற விவரம் இருக்காது. அந்த விவரம் இல்லாமலே பார் எண்ட் வெயிட் (ஹேண்டில்பார் முனையில் பூட்டும் எடை), ஜெல் க்ரிப், விலை கூடிய ஆயில் என்று வாங்கிப் பூட்டுவது நடக்கிறது. சில சமயம் பலித்தும்விடும். ஏன் பலித்தது என்று தெரியாததால் அடுத்த முறை அது கைகொடுக்காது.

முதலில் கொஞ்சம் கணக்கு

ஆர்பிஎம்மை 60-ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை சுற்று என்று வரும். 4800 ஆர்பிஎம் என்றால் 80 ஹெர்ட்ஸ். பிஸ்டன் மேலும் கீழும் போய்வருவதால் எழும் முதன்மை அதிர்வு இந்த வேகத்தில்தான் இருக்கும். கனெக்டிங் ராட் சாய்ந்து சாய்ந்து போவதால் பிஸ்டனின் ஓட்டம் மேல் பாதியிலும் கீழ் பாதியிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அதனால் எழும் இரண்டாம் நிலை அதிர்வு இதைப் போல இருமடங்கு, அதாவது 160 ஹெர்ட்ஸ். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிகிறது. ஆகவே ஒரு சிலிண்டர் மட்டும் பலவீனமாக இருந்தால் எழும் உலுக்கல் பாதி வேகத்தில், 40 ஹெர்ட்ஸில் வரும். ஐட்லிங்கில் 1200 ஆர்பிஎம் என்றால் அது வெறும் 10 ஹெர்ட்ஸ். கையில் ரீங்காரமாகத் தெரியாது, வண்டியே நொண்டுவது போலத் தெரியும்.

சக்கரத்தின் கணக்கு வேறு. டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 90 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு 12 அல்லது 13 தடவை சுற்றும். அதே நேரத்தில் இன்ஜின் 80 தடவை சுற்றிக்கொண்டிருக்கும். இந்த இரண்டையும் கை குழப்பிக்கொள்ளாது. ஒன்று துள்ளல், இன்னொன்று கூச்சம்.

விசை எவ்வளவு என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. பிஸ்டன், பின், ரிங், கனெக்டிங் ராடின் மேல் பகுதி எல்லாம் சேர்த்து 400 கிராம், ஸ்ட்ரோக் 80 மி.மீ. என்று கொள்வோம். 5000 ஆர்பிஎம்மில் முதன்மை விசை மட்டும் சுமார் 4400 நியூட்டன். கிட்டத்தட்ட 450 கிலோ எடை நொடிக்கு 83 தடவை மேலும் கீழும் இழுப்பதற்குச் சமம். இந்த விசை ஆர்பிஎம்மின் இருமடிக்கு ஏற்ப உயரும்: 4000-இல் இருந்து 5000-க்குப் போனால் வேகம் 25 சதவீதம்தான் கூடுகிறது, விசை 56 சதவீதம் கூடிவிடுகிறது. இவ்வளவு விசையையும் பேலன்ஸர் ஷாஃப்ட்டும் (விசைக்கு எதிராக இழுக்கும்படி எடையோடு சுழலும் தண்டு) கிராங்க் வெயிட்டும் (கிராங்க் ஷாஃப்ட்டில் உள்ள எதிர் எடை) மவுண்ட்டுகளும் (இன்ஜினை ஃபிரேமோடு பிடித்துவைக்கும் இணைப்புகள்) சேர்ந்துதான் அடக்கி வைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று கொஞ்சம் நெகிழ்ந்தாலும் அது கைக்கு வந்து சேரும்.

இந்த இன்ஜினுக்கு இது இயல்பா?

எந்த வகை இன்ஜின் என்று தெரியாமல் "அதிகமாக அதிர்கிறது" என்று சொல்ல முடியாது. சிங்கிள் சிலிண்டரில் முதன்மை விசை முழுதாக நிற்கும். பேலன்ஸர் ஷாஃப்ட் இருந்தால் பெரும்பகுதி அடங்கும். இரண்டு சிலிண்டர் அருகருகே நிற்கும் பேரலல் ட்வின்னில் கிராங்க்கின் கோணம்தான் எல்லாம். 360 டிகிரி கிராங்க்கில் இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறி இறங்கும், சிங்கிளின் குணம் அப்படியே இருக்கும். 180 டிகிரியில் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். முதன்மை விசை அடிபட்டுப்போகும், ஆனால் இன்ஜின் இடமும் வலமுமாக ஊசலாடப் பார்க்கும். 270 டிகிரியில் இரண்டாம் நிலை விசை தீர்ந்துவிடும். மிச்சத்தை பேலன்ஸர் பார்த்துக்கொள்ளும். 90 டிகிரி வி-ட்வின்னில் முதன்மை விசையை கிராங்க் வெயிட்டே சமன் செய்துவிடும். எதிரெதிர் சிலிண்டர் கொண்ட பாக்ஸர் ட்வின்னில் விசைகள் சரியாக அடிபடும். ஆனால் இரண்டு சிலிண்டரும் ஒரே கோட்டில் இல்லாமல் சற்று முன்பின்னாக இருப்பதால் ஒரு முறுக்கு ஆட்டம் மிஞ்சும். நான்கு சிலிண்டர் ஒரே வரிசையில் நிற்கும் இன்லைன் ஃபோரில் முதன்மை விசை முழுதாக அடிபட்டுப்போகும், ஆனால் நான்கு பிஸ்டனின் இரண்டாம் நிலை விசையும் கூடிக்கொள்ளும். அதனால்தான் அந்த வகை வண்டிகளில் ஐட்லிங் பட்டுப் போலவும், 5000-6000-இல் க்ரிப்பில் எறும்பு ஊர்வது போலவும் இருக்கும். 1988 மாடலில் இருந்து ஹோண்டா கோல்டு விங்கில் வரும், பக்கத்துக்கு மூன்றாக ஆறு சிலிண்டர் படுத்திருக்கும் ஃபிளாட் சிக்ஸ்தான் இந்த வரிசையில் ஒன்றும் மிச்சமில்லாத இன்ஜின்.

இன்லைன் ஃபோரில் மெல்லிய ரீங்காரம் கேட்டு பயப்பட வேண்டாம். அது பிறவிக் குணம். அதே இன்லைன் ஃபோர் ஐட்லிங்கில் உலுக்கினால் கட்டாயம் பார்க்க வேண்டும். சிங்கிளில் இது தலைகீழ்.

ஓட்டிப் பார்க்கும் சோதனை

போக்குவரத்து இல்லாத நேரான சாலை வேண்டும். பொருட்களை இறக்கிவிட வேண்டும், டயர் காற்று சரியாக இருக்க வேண்டும், இன்ஜின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். முதலில் நின்ற இடத்தில் நியூட்ரலில் மெல்ல மெல்ல த்ராட்டிலை ஏற்றி, எந்த ஆர்பிஎம்மில் எந்த இடம் அதிர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஓட்டும்போது அதே ஆர்பிஎம்மை மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது கியரில் தொட்டுப் பாருங்கள். கியர் மாறினாலும் அதே ஆர்பிஎம்மில் வந்தால் இன்ஜின் பக்கம். கியர் மாறினாலும் அதே கி.மீ. வேகத்தில் வந்தால் சக்கரம், டயர், செயின் பக்கம். கடைசியாக வேகத்தில் போகும்போது கிளட்ச்சைப் பிடித்து த்ராட்டிலை மூடி இன்ஜினை ஐட்லிங்குக்கு விடுங்கள். அப்போதும் அதிர்வு நின்றபாடில்லை என்றால் இன்ஜினை மறந்துவிட்டு, வீல் பேலன்ஸ், டயரின் தேய்மானம், வீல் பேரிங் மூன்றையும் பாருங்கள்.

நியூட்ரலில் எதுவும் இல்லாமல், சுமையோடு த்ராட்டில் திறக்கும்போது மட்டும் வருகிறதா? மவுண்ட் போல்ட் நெகிழ்ந்து முறுக்கின்போது இன்ஜின் நகர்கிறது, அல்லது செயினில் இறுக்கப் புள்ளி இருக்கிறது, அல்லது பின்சக்கர ஹப்பில் உள்ள கப்ளிங் ரப்பர் தேய்ந்திருக்கிறது. அதிக கியரில் 2000 ஆர்பிஎம்மில் ஏற்றம் ஏறும்போது மட்டும் வருகிறதா? அது வண்டியின் குறை இல்லை, ஒரு கியர் இறக்கினால் தீர்ந்தது.

மொபைலில் அதிர்வு அளக்கும் செயலிகள் உண்டு. உதவும்தான், ஆனால் ஒரு எச்சரிக்கை. பல மொபைல்களின் சென்சார் நொடிக்கு 100 முதல் 200 தடவைதான் அளவெடுக்கும். 200 தடவை அளந்தால் 100 ஹெர்ட்ஸ் வரைதான் உண்மையாகத் தெரியும். அதற்கு மேல் உள்ள அதிர்வு இல்லாத ஓர் எண்ணாக மடங்கி வந்து ஏமாற்றும். 6000 ஆர்பிஎம்மில் இன்லைன் ஃபோரின் 200 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை அந்த மொபைலில் தேடுவது பயனற்றது. இன்னொன்று: மொபைலை ஹேண்டில்பாரில் நேரடியாக இறுக்கிப் பூட்ட வேண்டாம். பெரிய இன்ஜின் கொண்ட மோட்டார் சைக்கிளின் அதிர்வு கேமராவின் லென்ஸ் நிலைப்படுத்தும் பகுதியைக் கெடுக்கக்கூடும் என்று 2021-இல் ஆப்பிள் நிறுவனமே அறிவித்தது. ரப்பர் டேம்பர் உள்ள ஹோல்டர் வேண்டும்.

சிலிண்டர்கள் ஒன்றுபோல் உழைக்கின்றனவா?

ஒன்றுக்கு மேற்பட்ட சிலிண்டர் உள்ள வண்டியில் ஐட்லிங்கிலும் சிறிய த்ராட்டிலிலும் உலுக்கி, நன்றாகத் திறந்தால் சரியாகிவிடுகிறது என்றால், சிலிண்டர்களுக்குள் வேலைப் பங்கீடு சரியில்லை. செத்த சிலிண்டர் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் விட்டு, ஒவ்வொரு எக்சாஸ்ட் பைப்பின் தொடக்கத்திலும் ஸ்பிரே பாட்டிலால் ஒரு துளி தண்ணீர் அடியுங்கள். எரியும் சிலிண்டரின் பைப்பில் தண்ணீர் சீறிக் காயும், எரியாததில் வழியும். அகச்சிவப்பு வெப்பமானி வைத்திருப்பவர்கள் பளபளக்கும் குரோம் பைப்பில் அதை நம்ப வேண்டாம், குறைத்தே காட்டும்.

சிலிண்டர்களுக்குக் காற்று விடும் த்ராட்டில் பாடியையோ கார்புரேட்டரையோ ஒன்றுக்கொன்று சமன் செய்யத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் அது கடைசி வேலை. அதற்கு முன் ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடுக்கு), இன்டேக் ரப்பரில் விரிசல் நான்கையும் முடித்துவிட வேண்டும். டேப்பெட் இடைவெளி தப்பாக இருக்கும் இன்ஜினை சமன் செய்தால் ஒரு தவறை மறைக்க இன்னொரு தவறைச் சேர்த்ததாக ஆகும். டேப்பெட்டை இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, பெரும்பாலான கையேடுகள் சொல்வதுபோல் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே, அளக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கை அளவோடு இறுக்குங்கள்: 10 மி.மீ. மரையுள்ளதற்கு 10–12 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ.க்கு 15–20, அவ்வளவுதான்.

சமன் செய்யும்போது வேக்கம் கேஜ் (இன்ஜின் காற்றை உறிஞ்சும் அளவைக் காட்டும் மானி) ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்று வேண்டும். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், எதிரில் ஒரு ஃபேன் ஓட வேண்டும். கையேட்டில் ஒரு சிலிண்டரை ஆதாரமாகச் சொல்லியிருப்பார்கள். அதன் திருகைத் தொடாமல் மற்றவற்றை அதற்குச் சமமாகக் கொண்டுவர வேண்டும். பல கையேடுகள் சிலிண்டர்களுக்கு இடையே 20 மி.மீ. பாதரச அளவு வரை வித்தியாசத்தை ஏற்கும். பொறுமையாகச் செய்தால் 5-க்குள் கொண்டுவரலாம். ஒவ்வொரு திருப்பலுக்குப் பிறகும் த்ராட்டிலை ஒருமுறை சட்டென்று திறந்து மூடி, முள் பழைய இடத்துக்கே வருகிறதா என்று பாருங்கள். ஃபேக்டரியில் பெயின்ட் அடித்து மூடிய த்ராட்டில் நிறுத்தத் திருகை யாரும் தொட வேண்டாம். இரண்டு குழாயில் ஆயில் ஊற்றிச் செய்யும் வீட்டு கேஜ் மலிவானது, துல்லியமானதும்கூட. ஆனால் வித்தியாசம் அதிகமாக இருந்தால் இன்ஜின் அந்த ஆயிலை உறிஞ்சிவிடும். குழாய்க்கு நடுவில் காலிப் பாட்டில் ஒன்றை வைப்பது அதற்காகத்தான்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு சிலிண்டர் மட்டும் பின்தங்கினால் கம்ப்ரெஷன் சோதனை. எல்லா பிளக்கும் கழற்றி, த்ராட்டில் முழுதும் திறந்து, சூடான இன்ஜினில் பார்க்க வேண்டும். சிலிண்டர்களுக்குள் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறைந்ததில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

மவுண்ட்டுகள்: பாதிப் பிரச்சினை இங்கே

டார்ச் அடித்து ஒவ்வொரு மவுண்ட் போல்ட்டின் தலையைச் சுற்றியும் பாருங்கள். செம்பழுப்பு நிறத்தில் நுண்ணிய பொடி படிந்திருந்தால் அங்கே இரண்டு உலோகப் பரப்பு உராய்ந்துகொண்டிருக்கிறது. சேறு என்று துடைத்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். விரலால் தேய்த்தால் சேறு மண்ணாக வரும், இந்தப் பொடி ஆயிலோடு கலந்து சிவப்பு மையாக விரலில் ஒட்டும். அந்த போல்ட்டை அப்படியே மேலும் இறுக்குவது தவறு. கழற்றி, தண்டில் படிக்கட்டு போலத் தேய்மானம் இருக்கிறதா, ஓட்டை நீள்வட்டமாகியிருக்கிறதா, ஃபிரேமின் வெல்டு ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இறுக்கும் முறைக்கும் ஒழுங்கு உண்டு. இன்ஜினுக்கு அடியில் ஜாக்கி வைத்து நடுவில் மரக்கட்டை கொடுத்து, எடையை ஜாக்கி தாங்கும்படி செய்யுங்கள். எல்லா மவுண்ட் போல்ட்டையும் தளர்த்திவிட்டு, நீளமான குறுக்கு போல்ட் கையாலேயே உள்ளே போகும் வரை ஜாக்கியை ஏற்றி இறக்குங்கள். சுத்தியலால் அடித்துத்தான் போகிறது என்றால் இன்ஜின் நேராக உட்காரவில்லை; அந்த நிலையில் இறுக்கினால் ஃபிரேமே வில்லாக வளைந்து நிற்கும், அதிர்வு நேராக ஹேண்டில்பாருக்கு ஏறும். இன்ஜினின் காதுக்கும் ஃபிரேம் தட்டுக்கும் இடையே இடைவெளி தெரிந்தால் அதை போல்ட்டால் இழுத்து மூடாதீர்கள். ஃபீலர் கேஜ் விட்டு அளந்து, அந்தக் கனத்துக்கு ஷிம் வாஷர் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய வாஷர்) போடுங்கள். 0.5 மி.மீ. வாஷர் ஒன்று செய்யும் வேலையை எந்த பார் எண்ட் வெயிட்டும் செய்யாது. தண்டில் மெல்லிய கிரீஸ் தடவலாம். மரையில் தடவினால் டார்க் ரெஞ்ச் காட்டும் எண்ணுக்கும் உண்மையான இழுவிசைக்கும் பொருத்தம் போய்விடும். கையேட்டில் உள்ள அளவும் வரிசையும்தான் கணக்கு. பொதுவாக 8.8 தரமுள்ள 10 மி.மீ. போல்ட் 45–50 நியூட்டன் மீட்டர் அளவில் நிற்கும் என்பதைத் தோராயமாக மனதில் வைக்கலாம்.

இன்ஜினின் இருபுறமும் சுற்றி வரும் அலுமினிய பெரிமீட்டர் ஃபிரேம்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஃபிரேமுக்குள் மரையிட்ட அட்ஜஸ்டர் காலர் ஒன்றும், அதைப் பூட்டும் பல்வெட்டு நட் ஒன்றும் இருக்கும். முதலில் காலர், பிறகு பூட்டு நட், கடைசியில் குறுக்கு போல்ட் என்பது வரிசை. பல்வெட்டு நட்டுக்குத் தனி சாக்கெட் வேண்டும். அது கையில் இல்லாததால் குறுக்கு போல்ட்டை மட்டும் இறுக்கிவிட்டுப் போன வண்டிகளில் எல்லா போல்ட்டும் சரியான டார்க்கில் இருக்கும், அதிர்வும் இருக்கும்.

ரப்பர் மவுண்ட் உள்ள வண்டிகளின் தர்க்கம் வேறு. ரப்பரில் தொங்கும் இன்ஜினுக்கு ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. அதைப் போல 1.41 மடங்குக்கு மேலே போனால்தான் ரப்பர் அதிர்வைத் தடுக்கும். அதற்குக் கீழே தடுப்பதற்குப் பதில் பெருக்கும். அந்த அதிர்வெண் 25 ஹெர்ட்ஸ் என்று கொண்டால், 1200 ஆர்பிஎம் ஐட்லிங் 20 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட அதன் மடியிலேயே உட்கார்ந்திருக்கிறது. வண்டி கும்மி அடிக்கும். 4500 ஆர்பிஎம்மில் 75 ஹெர்ட்ஸ், மூன்று மடங்கு. எட்டில் ஒரு பங்கு அதிர்வுதான் ஃபிரேமுக்குப் போகும். 1980-இல் ஹார்லி-டேவிட்சன் எஃப்எல்டி டூரிங் வண்டியில் இன்ஜினை ரப்பரில் ஏற்றியதில் இருந்து, சிக்னலில் நிற்கும்போது ஆடி, ஓட ஆரம்பித்ததும் அடங்கும் அந்தக் குணம் இந்தக் கணக்கில் இருந்து வருவதுதான்.

ரப்பர் வயதாகி இறுகினால் என்ன ஆகும்? விறைப்பு இருமடங்கானால் இயல்பு அதிர்வெண் 35 ஹெர்ட்ஸுக்கு ஏறும். அதே 4500 ஆர்பிஎம்மில் ஃபிரேமுக்குப் போகும் பங்கு எட்டில் ஒன்றில் இருந்து கால் பங்குக்கு மேலே போய்விடும். வெளியில் விரிசல் எதுவும் தெரியாமலே இது நடக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், புதிய ரப்பர் பள்ளம் விழுந்து திரும்பும். ஆயில் கசிவில் ஊறி உப்பிய ரப்பரும் தூக்கியெறிய வேண்டியதுதான். மாற்றும்போது ஒரு ஜோடியாகவோ முழு செட்டாகவோ மாற்றுங்கள். ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் இன்ஜின் ஒருபக்கம் சாய்ந்து தொங்கும்.

1967-இல் வெளிவந்த நார்ட்டன் கமாண்டோ பைக்கின் ஐசோலாஸ்டிக் என்ற ரப்பர் மவுண்ட் இந்த இழுபறியைக் கண்ணுக்கு முன்னால் காட்டும். இன்ஜின் பின்சக்கரத்தோடு சேர்ந்து தனியாக ரப்பரில் தொங்க, பக்கவாட்டு அசைவை ஷிம் வைத்து 0.25 மி.மீ. இடைவெளிக்குள் நிறுத்த வேண்டும். இடைவெளியைக் குறைத்தால் வண்டி வளைவில் ஊன்றி நிற்கும், கையில் அதிரும். கூட்டினால் பட்டுப் போல ஓடும், வளைவில் தளும்பும்.

பயணத்துக்காகப் பூட்டியவை

டூரிங் வண்டியில் மட்டும் இருக்கும் சிக்கல் இது. கிராஷ் கார்டு, பேனியர் ஸ்டே (பக்கவாட்டுப் பெட்டி மாட்டும் சட்டம்), கூடுதல் விளக்கு பிராக்கெட், ஸ்கிட் பிளேட், சென்டர் ஸ்டாண்டு என்று ஒவ்வொன்றாகச் சேரும்போது ஒவ்வொன்றும் இன்ஜினுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே ஒரு பாலமாகலாம். ரப்பரில் தொங்கும் இன்ஜினில் ஒரு முனையும் ஃபிரேமில் மறுமுனையும் பூட்டும் கார்டு போட்டால், அத்தனை ரப்பரும் வேலை இழந்துவிடும். எக்சாஸ்ட் பைப் ஸ்டாண்டைத் தொட்டால், கிளட்ச் கேபிள் விறைப்பாக இழுபட்டால், ரேடியேட்டர் ஹோஸ் ஃபிரேமில் சாய்ந்தால் அவையும் பாலங்களே. விசிட்டிங் கார்டு கனமுள்ள அட்டையை இன்ஜினைச் சுற்றி எல்லா இடத்திலும் விட்டுப் பாருங்கள். போகாத இடத்தில் பெயின்ட் தேய்ந்திருக்கும்.

கிராஷ் கார்டின் ஓட்டைகள் சரியாக நேர்படாதபோது நெம்புகோல் வைத்து இழுத்துப் பூட்டுவது வழக்கமாகிவிட்டது. அதுவும் மவுண்ட்டை வளைத்து நிறுத்தும் வேலைதான். எல்லா போல்ட்டையும் நான்கு மரைக்கு மட்டும் கையால் ஏற்றி, வண்டியைச் சற்று ஆட்டிவிட்டு, பிறகு குறுக்கும் நெடுக்குமாக இறுக்க வேண்டும். எக்சாஸ்ட்டுக்கும் இதே முறை: சிலிண்டர் ஹெட்டில் உள்ள நட், நடு கிளாம்ப், சைலென்சர் மவுண்ட் எல்லாம் தளர்வாக இருக்க, பைப் தானாக எங்கே உட்காருகிறதோ அங்கே விட்டு, ஹெட் பக்கத்தில் இருந்து இறுக்கிக்கொண்டு வர வேண்டும்.

சந்தேகம் இருந்தால் எல்லா உபரியையும் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். அதிர்வு போய்விட்டால் ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டுங்கள். அரை நாள் வேலை, ஆனால் ஊகத்துக்கு இடமில்லாத ஒரே வழி.

ஹேண்டில்பாரும் டேப் சோதனையும்

தொடக்கத்தில் சொன்ன 4800–5200 பட்டைக்கு வருவோம். 100 கிராம் அளவில் ஈயக்கட்டியோ இரும்பு வாஷர்களோ எடுத்து, ஹேண்டில்பாரின் இரு முனையிலும் க்ரிப்புக்கு உள்பக்கம் டேப்பால் அசையாமல் சுற்றுங்கள். த்ராட்டில் விட்டதும் சட்டென்று திரும்புகிறதா, ஹேண்டில் இருபக்கமும் முழுதாகத் திரும்பும்போது கேபிள் சிக்குகிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள். அதிர்வுப் பட்டை முன்பைவிடக் குறைந்த ஆர்பிஎம்முக்கு இடம் மாறியிருந்தால் ஹேண்டில்பார்தான் ஆடுகிறது என்பது உறுதி. மாறாவிட்டால் வெயிட் வாங்கும் செலவு மிச்சம்.

இதில் பலரும் தவறவிடுவது, பார் எண்ட் வெயிட் அந்த அதிர்வை முழுக்கக் கொல்வதில்லை, பெரும்பாலும் இடம் மாற்றுகிறது என்பதை. ஆடும் பகுதியின் எடை 30 சதவீதம் கூடினால் பட்டை 5000-இல் இருந்து 4400-க்கு இறங்கும். நெடுஞ்சாலையில் 5000-இல் ஓட்டுகிறவருக்கு அது வரம். 4400-இல் ஓட்டுகிறவர் காசு கொடுத்துத் தொல்லையை வாங்கியிருக்கிறார். நீண்ட பயணத்தில் எந்த ஆர்பிஎம்மில் அதிக நேரம் நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு, அங்கிருந்து பட்டையைத் தள்ளி வைப்பதே குறிக்கோள். பாரின் உள்ளே ஈயக்குண்டை சிலிக்கானோடு கலந்து நிரப்பினால் எடையோடு கொஞ்சம் தணிப்பும் சேரும். வெறும் குண்டு மட்டும் போட்டால் கடகடக்கும். ஹேண்டில்பாரை உயர்த்த உயரமான ரைசர் போட்டவர்கள் அதன் கிளாம்ப் போல்ட்டை முதலில் பாருங்கள், பாரின் நெம்பு நீளம் கூடியதே சிலருக்குக் காரணமாக இருக்கும். கண்ணாடித் தண்டுக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் இதே தர்க்கம்தான்.

செயினும் ஸ்பிராக்கெட்டும்

செயினை எப்போதும் அதன் மிக இறுக்கமான இடத்தில் அளக்க வேண்டும். பயணியும் பெட்டிகளும் சேர்ந்து எடை ஏறும்போது வண்டியின் பின்பகுதி தாழ்ந்து செயின் இன்னும் இறுகும். கேரேஜில் சரியாக இருந்த தளர்வு சாலையில் இருக்காது. இறுக்கமான செயின் கரகரப்பைத் தருவதோடு கியர்பாக்ஸின் அவுட்புட் ஷாஃப்ட் பேரிங்கையும் தின்றுவிடும். கப்ளிங் ரப்பரைப் பார்க்க, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்பிராக்கெட்டை மட்டும் முன்பின் ஆட்டுங்கள். தொளதொளவென்று ஆடினால் மாற்றுங்கள். அவசரத்துக்குப் பழைய ட்யூபை வெட்டி இடையில் திணிக்கலாம், ஊர் போய்ச் சேர அது போதும்.

முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டுவது டூரிங்குக்கு மலிவான மருந்து. 15-இல் இருந்து 16 பல்லுக்குப் போனால் 5000 ஆர்பிஎம்மில் ஓடிய வேகம் 4690-க்கு வந்துவிடும். அதிர்வு விசை 12 சதவீதம் குறையும். ஏற்றத்தில் முழுச் சுமையோடு கியர் இறக்க வேண்டிவரும், கிளட்ச்சுக்கும் கொஞ்சம் கூடுதல் வேலை. வேகமானி கியர்பாக்ஸில் இருந்து அளவெடுக்கும் வண்டியில் காட்டும் வேகம் உண்மையைவிடக் குறைந்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். கவரில் செயின் உரசவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்ஜினைத் திறக்க வேண்டிய நிலை

எல்லா ஆர்பிஎம்மிலும், நியூட்ரலிலும், திடீரென்று ஒரு நாளில் கூடிய அதிர்வு என்றால் உள்ளேதான். சமீபத்தில் இன்ஜின் பிரித்துக் கோத்திருந்தால் முதலில் பேலன்ஸர் ஷாஃப்ட்டின் குறியைச் சந்தேகியுங்கள். கியரில் ஒரு பல் தள்ளி மாட்டினாலே சமன் செய்ய வேண்டிய எடை தவறான நேரத்தில் வந்து சேரும். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஆனால் கையில் பிடிக்க முடியாது. பேலன்ஸருக்குச் செயின் உள்ள இன்ஜின்களில் டென்ஷனரும் சோதனைக்குரியது: கவாசாகி கேஎல்ஆர் 650-இன் பழைய மாடல்களில் பேலன்ஸர் செயினை இழுத்துப் பிடிக்கும் லிவரும் ஸ்பிரிங்கும் உடைவது ஊரறிந்த கதை, அந்த லிவருக்கு வலுவான மாற்றுப் பாகமே தனியாக விற்கிறது. ஆல்டர்னேட்டர் ரோட்டரின் நடு போல்ட் தளர்வது, பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராடின் கிராங்க் பக்கப் பேரிங்) தேய்வது, அழுத்திப் பொருத்திய கிராங்க் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்வது எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். சுமையில் ஒரு தட்டல் சத்தமும் சேர்ந்து கேட்டால் ஓட்டுவதை அங்கேயே நிறுத்துவது நல்லது.

ஆயில் சேர்மானத்தால் அதிர்வு போகும் என்ற விளம்பரங்கள் எந்த விசையையும் குறைப்பதில்லை. உராய்வு குறைக்கும் சேர்மானம் ஊற்றினால் ஆயிலில் ஊறும் கிளட்ச் வழுக்கும், அவ்வளவுதான்.

கைக்கு வருவது

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் மரத்தால் அதில் மணிக்கட்டு வளைவுக்கும் இறுக்கிப் பிடிப்பதற்கும் பங்கு உண்டு. லிவர்களைச் சற்றுத் தாழ்த்தி, முன்கையும் மணிக்கட்டும் நேர்கோட்டில் வரும்படி வையுங்கள். ஜெல் கையுறை இன்லைன் ஃபோரின் உயர் அதிர்வெண்ணுக்கு ஓரளவு உதவும். சிங்கிளின் 80 ஹெர்ட்ஸுக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாது. தொழிலாளர்களுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு விதி, 8 மணி நேரக் கணக்கில் கைக்கு வரும் அதிர்வு 2.5 மீட்டர்/நொடி² தாண்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும், 5-ஐத் தாண்டவே கூடாது என்றும் சொல்கிறது. பைக் ஓட்டுபவர்களுக்காக எழுதியதில்லை, ஆனால் ஒரு நாள் முழுக்க ஹேண்டிலைப் பிடிப்பவருக்கு நல்ல அளவுகோல். நேரம் கால் பங்காகக் குறைந்தால் இருமடங்கு அதிர்வைத் தாங்கலாம் என்பது அந்தக் கணக்கு; இடைவேளை எடுப்பது இங்கே சோம்பல் இல்லை.

இனி கழன்றுபோவதைப் பற்றி ஒன்று. குறுக்காக அசையும் இணைப்பில் நட் தானாகவே திருகிக் கழலும் என்பதை 1969-இல் ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் சோதித்துக் காட்டினார். ஸ்பிரிங் வாஷர் அதைத் தடுக்காது. சரியான டார்க், நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள நட்), நடுத்தர வலிமையுள்ள நீல லாக்டைட் (மரையில் தடவும் பூட்டுப் பசை) இவைதான் தடுக்கும். மவுண்ட் வேலை முடித்ததும் ஒவ்வொரு போல்ட் தலையில் இருந்து ஃபிரேம் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுங்கள். 500 கி.மீ. கழித்து, இன்ஜின் ஆறியபின் டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு உடைந்திருக்கும் போல்ட்டை இறுக்கிவிட்டு நகராமல், கழற்றி மரையையும் ஓட்டையையும் பார்த்து, புதிய போல்ட் போட்டு இறுக்குங்கள்.